கொய்யா மரத்துக் கொண்டலாத்தி

ஜனவரி 19, 1944. புதன்.

தேடுகிறவள் கண்ணில் படாத பறவை, தேடாதவள் காலடியில் வந்து இறங்குவது ஏன்? எனக்குத் தெரியவில்லை. பறவைக்கு ஆள் அடையாளம் கிடையாது, பூச்சியைப் பார்த்து இறங்குகிறது, அவ்வளவுதான் என்று ஈப்போவில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். சரியான பதில். இன்று அது போதவில்லை.

காலையில் மழை. பிறகு புழுக்கம். உப்பு தீரப்போகிறது. மூக்குக்கண்ணாடியில் இடது பக்கத்து விரிசல் இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கிறது.

நேற்று நடந்ததை இன்று எழுதுகிறேன். நேற்றே எழுதியிருந்தால் இரண்டு வரியில் முடித்திருப்பேன், அதுவும் வேடிக்கையாக.

நேற்று காலை தம்பி சண்முகம் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போயாயிற்று. மருந்தில்லாத ஆஸ்பத்திரிக்கும் காயம் கட்டும் டிரெசர் நேரத்துக்குப் போகத்தான் வேண்டும். அவன் மனைவி சிவகாமி அடுப்படியில். நான் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். சின்னத்தம்பி கதிரேசனின் மனைவி மரகதம் ஏழாம் நம்பர் காட்டுக்குக் கிழங்கு பிடுங்கப் போயிருந்தாள். ரப்பர் மரங்களையெல்லாம் சாய்த்து மரவள்ளி நட்ட இடம். போனவள் வெறுங்கையோடு ஓடிவந்தாள். முழங்கால் வரை சேறு.

"அண்ணி! அண்ணி! கொண்டலாத்தி!"

"என்ன?"

"கொண்டலாத்தி பாத்தேன் அண்ணி! நம்ம ஊருக் கொண்டலாத்தி! ஏழாம் நம்பர்ல மண்ணுல நடந்துக்கிட்டு இருக்கு. வாங்க, இப்பவே வாங்க!"

நான் சிரித்தேன். நான் அதிகம் சிரிக்கிறவள் இல்லை. அதனாலேயே அது பெரிய சிரிப்பாகத் தெரிந்திருக்கும். கொய்யா மரத்தைக் கையால் காட்டினேன்.

"அந்தா பாரு உன் கொண்டலாத்தி. ஒண்ணுக்கு ரெண்டா இருக்கு. இதுக்கா கிழங்கைப் போட்டுட்டு ஓடிவந்தே?"

மரத்தில் கொண்டைக்குருவி ஜோடி ஒன்று பழத்தைக் கொத்திக்கொண்டிருந்தது. தினமும் வருகிறவை. மரகதம் மரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அது இல்ல அண்ணி..." என்று ஆரம்பித்தாள். அதற்குள் சிவகாமி அகப்பையோடு வந்துவிட்டாள்.

"ஊர்லேருந்து கப்பல் வரல, குருவி வருதாமில்ல! ஏண்டி, சீட்டு வாங்கிட்டா வந்துச்சு?"

மத்தியானச் சாப்பாட்டில் இதே பேச்சு. சண்முகம் என்னைக் கேட்டான்: "ஏங்க்கா, அப்படி ஏதும் இங்க இருக்கா?" கொய்யா மரத்தில் இருக்கிறது என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மரகதம் கிழங்கைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாயில் போடவில்லை.

அது நேற்று.

இன்று துணி அலசக் கிணற்றடிக்குப் போனேன். மரகதம் பக்கத்து வீட்டு மாரியின் மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தாள். நான் சுவருக்கு இந்தப் பக்கம்.

"சின்னக் குருவி இல்லக்கா. மைனாவவிடப் பெருசு. காவி நெறம். றெக்கையில கறுப்பும் வெள்ளையும் பட்டை பட்டையா. மூக்கு கோணூசி மாட்டம் நீளமா வளைஞ்சு. எறங்குனதும் தலையில விசிறியை விரிச்ச மாதிரி கொண்டையைத் தூக்குச்சு பாருங்க..."

"கறி தேறுமா?" என்றாள் மாரியின் மனைவி.

நான் அப்படியே நின்றேன். சோப்புக்குப் பதிலாக வைத்திருந்த சாம்பல் கையில் ஈரமாகிக் கரைந்து போயிற்று.

எங்கள் கும்பகோணத்துப் பக்கத்தில் கொண்டலாத்தி என்றால் இந்தக் கொய்யாத் திருடன்தான். அவள் பார்த்த பறவைக்கு எங்கள் பக்கம் பெயர் சாவல்குருவி. கல்லூரியில் ஹூப்போ. அவள் ஊரான காரைக்குடிப் பக்கம் அதுதான் கொண்டலாத்தி போலிருக்கிறது! மண்ணில் நடந்தது என்று அவள் நேற்றே சொன்னாள். கொண்டைக்குருவி மண்ணில் நடக்காது. எனக்கு அது தெரியும். காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை.

குளிர்காலத்தில் எப்போதாவது ஒன்று கெடா பக்கம் வழிதவறி இறங்கும் என்று படித்ததுண்டு. இங்கே பேராக்கில் பார்த்ததாக எவரும் என்னிடம் சொன்னதில்லை. மெட்ராஸ் விட்டு வந்த நாளிலிருந்து ஒவ்வொரு ஜனவரியும் அலைந்திருக்கிறேன். குதிரைப்பந்தயத் திடல், லம்பம் என்று இங்கே சொல்லும் பாழடைந்த ஈயச் சுரங்கங்களின் மணல்மேடு, ஈப்போ சிலிபினில் என் அறைக்குப் பின்னால் இருந்த வெட்டவெளி. கையில் தொலைநோக்கி. (இப்போது அது கோழிக்கூட்டுக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. ஜப்பான்காரன் கண்ணில் பட்டால் ஒற்றர் என்பான்.) ஒரு தடவைகூடக் கண்ணில் படவில்லை.

இவள் கிழங்கு பிடுங்கப் போனாள். பார்த்துவிட்டாள்.

அவளிடம் எதுவும் சொல்லவில்லை. முதலில் நான் பார்க்க வேண்டும். பார்க்காததற்குச் சாட்சி சொல்வது முறையில்லை.

இனி இவளுக்கு இங்கே ம. போதும். முழுப்பெயர் எழுத மனம் வரவில்லை.

ஜனவரி 20. வியாழன்.

மழை இல்லை. வானம் வெளுத்துக் கிடக்கிறது.

செய்ய வேண்டியவை: கோழிக்கூட்டுக் கதவு. சேலைக் கிழிசல். சண்முகத்துக்கு ஜப்பான் பாஷை, அதாவது நிப்பொங்கோ பாடம் (எழுத்து எல்லாவற்றையும் தலைகீழாக எழுதுகிறான்). உப்பு.

செய்தது: எதுவும் இல்லை. ஏழாம் நம்பருக்குப் போனேன்.

கீரை பறிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். சிவகாமி என் கையிலிருந்த கூடையையும் என் முகத்தையும் பார்த்தாள். தம்பி வீட்டுக்கு வந்த இந்த இரண்டு வருடத்தில் நான் கீரை ஆய்ந்ததுண்டு, பறித்ததில்லை. ம. தலையைத் தூக்கவில்லை.

விடிந்த உடனே போனேன். வீட்டுக் கடிகாரம் தோக்கியோ நேரம் காட்டுகிறது. குருவிகளுக்கு இன்னும் அந்த உத்தரவு வரவில்லை.

காட்டை வெட்டிய பிறகு நான் அங்கே போனதில்லை. நிழலே இருந்த இடத்தில் இப்போது முழு வெயில். அடிக்கட்டைகள், நடுவே மரவள்ளி, இடையிடையே வெறும் மண். யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். சாவல்குருவிக்கு ரப்பர் காட்டின் இருட்டில் வேலை இல்லை. திறந்த மண் வேண்டும், மண்ணுக்குள் பிள்ளைப்பூச்சி வேண்டும். சண்டை வந்து, கப்பல் நின்று, ரப்பர் வேண்டாதது ஆகி, மரம் விழுந்து, கிழங்கு நட்டு... அதனால் அது இங்கே இறங்க இடம் கிடைத்தது. இதையெல்லாம் கோத்துச் சொல்ல எனக்குத் தெரியும். பார்க்க அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

கண்டவை: மைனா. புள்ளிப்புறா. சிட்டு. மரங்கொத்தி, அடிக்கட்டையில். கொண்டைக்குருவி (என்னைக் கேலி செய்யவே வந்ததுபோல்).

சாவல்குருவி இல்லை.

ஆனால் ஓடை ஓரத்து ஈர மண்ணில் துளைகள். வரிசையாக, சாய்வாக, ஆழமாக. கோணூசியால் குத்தி எடுத்தது போல. மைனாவின் மூக்கு இவ்வளவு ஆழம் போகாது. குந்தி உட்கார்ந்து என் சுண்டுவிரலை ஒரு துளையில் விட்டுப் பார்த்தேன். பாதி விரல் போயிற்று.

துளையைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டும். எனக்கு வந்தது வேறு. ஒரு வீட்டுக்கு ஆசையாகப் போய், இப்போதுதான் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள் என்று எச்சில் இலையைக் காட்டினால் எப்படி இருக்கும். அப்படி.

பக்கத்திலேயே சின்னக் குச்சிகள் நட்டிருந்தன. கறுப்பாக ஏதோ பூசியிருந்தது. தொடப்போனேன்.

"தொடாதீங்க டீச்சரம்மா! ஒட்டிக்கிட்டா விடாது லா!"

மாரி. முன்பு ரப்பர் பால் வெட்டியவர், இப்போது எல்லோரையும் போலக் கிழங்கு. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் நின்றார்.

"என்ன இது?"

"கெத்தா. புறாவுக்கு வெச்சிருக்கேன். பாலைக் காய்ச்சிப் பிசினாக்கித் தடவுனது. ரப்பர் வாங்கத்தான் ஆளில்லையே, குருவியாச்சும் ஒட்டட்டும்னு."

"வேற பறவை ஒட்டினா?"

"சட்டிக்குள்ள போனா எல்லாம் புறாதான்."

கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்து, கேட்டுவிட்டேன்: "தலையில கொண்டை வெச்சது ஏதாச்சும் இங்க பாத்தீங்களா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பல் தெரியச் சிரித்தார்.

"நீங்களுமா? டிரெசர் வீட்ல ஒருத்தருக்குத்தான்னு நெனச்சேன்!"

"சும்மா கேட்டேன்" என்றேன். காது சுட்டது. கூடையில் நாலு இலை, அதுவும் என்ன கீரை என்று தெரியாமல் பறித்தது. சிவகாமி பார்த்துவிட்டு இது ஆட்டுக்கு என்றாள்.

ஜனவரி 21. வெள்ளி.

தூறல். விளக்குக்கு எண்ணெய் இல்லை, சாமிக்கும் இல்லை.

காலையும் போனேன். இல்லை. துளைகள் மேலும் சில. ஒட்டுக்குச்சிகள் ஓடைப் பக்கமாக நகர்ந்திருக்கின்றன, துளைகள் இருக்கும் பக்கமாகவே. மாரிக்கு அது தெரிந்து செய்ததில்லை. புறாவும் அங்கேதான் தண்ணீர் குடிக்க வருகிறது.

மத்தியானம் சண்முகம் பேச்சை எடுத்தான். ம. கொல்லையில் இருந்தாள், அவள் வீட்டில் இல்லை என்று அவன் நினைத்தான்.

"சின்னவளைப் பாரிட் புந்தார்ல அவ மாமா வீட்ல விட்டுடலாம்னு பாக்குறேன்க்கா. ஞாயித்துக்கெழம கிழங்கு லாரி ஈப்போ போவுது. அங்கேருந்து ரயில்ல நானே கூட்டிட்டுப் போறேன்."

"திடீர்னு என்ன?"

"திடீர்னு இல்ல. போன மாசம் புந்தோங் சந்தையில என்ன நடந்துச்சுன்னு தெரியுமில்ல."

தெரியும். யாரோ ஒருவர் பின்னால் ம. 'இந்தாங்க, நில்லுங்க' என்று ஓடியிருக்கிறாள். கதிரேசனின் முதுகு மாதிரி இருந்ததாம். அந்த மனிதர் திரும்பியபோது அழுதுவிட்டாளாம். கதிரேசன் சயாமில் இருக்கிறான். தண்டவாளம் போட ஆள் பிடித்தபோது கணக்குப் பார்க்கக் கிராணி வேண்டும் என்று அவனையும் லாரியில் ஏற்றினார்கள். போய் எட்டு மாதம்.

"இப்ப குருவி" என்றான் சண்முகம். "சந்தையில புருஷன் தெரியுறாரு, காட்டுல ஊர்க் குருவி தெரியுது. நாளைக்கு என்ன தெரியும்? நீங்க படிச்சவங்க, நீங்களே சொல்லுங்க. இல்லாத குருவி கண்ணுக்குத் தெரிஞ்சா அது புத்தி நல்லா இருக்குற ஆளா?"

சிவகாமி: "இப்படியே விட்டா தஞ்சோங் ரம்புத்தான்லதான் கொண்டுபோய் விடணும் லா. அதுக்கு மாமா வீடு எவ்வளவோ தேவல. அரிசிச் சோறாவது கெடைக்கும்."

அந்தப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லும்போது அவள் குரலில் கேலி மட்டும் இல்லை. பயமும் இருந்தது.

ம. கொல்லைக் கதவில் வந்து நின்றாள்.

"நான் போகமாட்டேன் அத்தான். அவுக வந்தா இந்த வாசலுக்குத்தான் வருவாக."

"சயாம் ரயிலு பாரிட் புந்தார் வழியாத்தான்மா வரும். உனக்குத்தான் மொதல்ல தெரியும்."

"வழியா வரும். எறங்குறது இங்கதான் எறங்குவாக."

பிறகு என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான். மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். நான் 'அப்படி ஒரு பறவை உண்டு, அவள் சொன்னது சரி' என்று சொல்லியிருக்கலாம். மூச்சு விடுகிற நேரத்தில் முடிந்திருக்கும்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

எதை யோசிப்பது? நேராக எழுதுகிறேன், யாரும் படிக்கப்போவதில்லை.

கதிரேசனை வளர்த்தவள் நான். அம்மா போனபோது அவனுக்குப் பால்பல் விழவில்லை. பெயர் சொல்லிப் பறவை பார்க்கக் கற்றுக்கொடுத்தவள் நான். விடுமுறை நாளில் என்னோடு லம்பக் கரையில் வெயிலில் நின்றவன் அவன். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு தடவைகூட வரவில்லை. சயாமிலிருந்து திரும்பிய ஒருவர் கையில் நாலு வரி கொடுத்தனுப்பினான். அவள் பெயருக்கு. 'அக்காவுக்கு என் வணக்கம்' கடைசி வரி. கடைசி வரி!

அவள் எதையும் தேடுவதில்லை. எல்லாம் அவளிடம் வருகிறது. தம்பி, அவன் எழுத்து, எல்லோருடைய பரிவு. இப்போது இந்தப் பறவை.

அவள் போனால் வீடு அமைதியாக இருக்கும் என்று ஒரு கணம் நினைத்தேன். ஒரு கணம் என்பது சரியில்லை. மத்தியானம் முழுவதும் நினைத்தேன்.

பலா மரத்தில் பிஞ்சுகூட இல்லை இந்த வருடம்.

ஜனவரி 22. சனி.

பார்த்துவிட்டேன்.

சாயங்காலம், வெயில் தாழ்ந்த பிறகு. வெள்ளமாக வெளிச்சம். ஓடை ஓரம் ஒரு அடிக்கட்டைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன், எறும்பு கடிக்கக் கடிக்க. மைனா ஒன்று கத்தியது. திரும்பினேன். அது ஏற்கெனவே அங்கே நடந்துகொண்டிருந்தது. எங்கிருந்து வந்தது, எப்போது இறங்கியது, தெரியாது. இறங்கியதைப் பார்க்கவில்லை.

காவி நிறம். அவள் சொன்னது சரியான நிறம், நான் தேடினாலும் வேறு சொல் கிடைக்காது. இறக்கையில் கறுப்பு வெள்ளைப் பட்டை. நடை குட்டிக் குட்டியாக, அவசரமாக, தலை ஒவ்வொரு அடிக்கும் முன்னே போய்ப் பின்னே வந்தது. மூக்கை மண்ணில் விட்டு ஆட்டியது. பிள்ளைப்பூச்சியை இழுத்து, தூக்கிப் போட்டுப் பிடித்து விழுங்கியது. விரிசல் விழுந்த கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிப் பார்த்தேன். அப்போதும் இருந்தது.

சந்தேகத்துக்கு இடமில்லை. நான் சந்தேகப்பட முயன்றேன், முடியவில்லை.

கொண்டை மட்டும் மடிந்தே இருந்தது. தலைக்குப் பின்னால் ஆணி பிடுங்கும் சுத்தியலைப் போல நீட்டிக்கொண்டு. விரிக்கும், இப்போது விரிக்கும் என்று பார்த்திருந்தேன்.

அது மேய்ந்துகொண்டே மாரியின் குச்சிகளை நோக்கிப் போயிற்று.

அசையாமல் இருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம், ஒருவேளை கொண்டையையும் பார்க்கலாம். எழுந்தால் பறந்துவிடும். இன்னும் இரண்டு எட்டு வைத்தால் அதன் இறக்கை குச்சியில் உரசும்.

எழுந்து ஓடினேன். இந்த வயதில், சேலை தடுக்க, 'ஏய் ஏய்' என்று கத்திக்கொண்டு.

பறந்துவிட்டது. வண்ணத்துப்பூச்சி பறப்பது போல மேலும் கீழுமாக, ஓடையைத் தாண்டி, வெட்டாத ரப்பர் மரங்களுக்கு மேலாக. அந்தப் பக்கம் எங்கே இறங்கியதோ. இறங்கும்போது கொண்டையை விரிக்கும் என்று படித்திருக்கிறேன். மரங்களுக்கு அந்தப் பக்கம் விரித்திருக்கும்.

பிறகு குச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஓடையில் எறிந்தேன். மாரியின் மூன்று நாள் பாடு. கை முழுவதும் கெத்தா.

ஏன் ஓடினேன் என்று யோசிக்கிறேன். நல்ல மனம் என்று எழுதமாட்டேன். அது ஒட்டிச் செத்திருந்தால் மாரி அதை வீடுவீடாகக் காட்டியிருப்பார். எல்லோரும் ம.வை நம்பியிருப்பார்கள், நான் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே வந்திருக்காது. ஓடும்போதே அது தோன்றியது. அது தோன்றியபடியேதான் ஓடினேன்.

வீட்டுக்கு வந்து சாம்பல் போட்டுத் தேய்த்தேன். மணல் போட்டுத் தேய்த்தேன். போகவில்லை, மணலும் சேர்ந்து ஒட்டிக்கொண்டது. என்ன கை என்று சிவகாமி கேட்டாள். பலாப்பால் என்றேன்.

ம. மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறாள். இரண்டு சேலை, கதிரேசனின் ஒரு சட்டை. சட்டையை வெளியே எடுக்கிறாள், மறுபடி வைக்கிறாள்.

நாளை லாரி வருமுன் எல்லோரையும் உட்காரவைத்துச் சொல்வேன். முதலில் கும்பகோணம், காரைக்குடி, ஒரே பெயர் இரு பறவைக்கு வழங்குவது. பிறகு பறவைகளின் வலசை, குளிர்காலம், வழிதவறுவது. பிறகு காடு வெட்டியதால் மண் திறந்தது. கடைசியாக, ஆகவே ம. பார்த்தது உண்மை, குழப்பம் பெயரால் வந்ததே தவிர யார் மீதும் குற்றமில்லை. நிதானமாக, கோவையாக. வகுப்பில் எடுபடும் விளக்கம்.

ஜனவரி 23. ஞாயிறு.

நேற்று நினைத்தபடி எதுவும் நடக்கவில்லை.

காலையில் மூடுபனி. விளக்கத்தை மனதுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தபோதே மாரி வாசலில் வந்து கத்தினார்.

"டிரெசரே! எவனோ என் கெத்தாக் குச்சி பூராத்தையும் புடுங்கிட்டான் லா! ஒண்ணுவிடாம! எந்தக் கழுதைன்னு மட்டும் தெரியட்டும்!"

சண்முகம் சாம்பலால் பல் துலக்கிக்கொண்டே வெளியே வந்தான். சிவகாமி வந்தாள். ம. மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு படியில் நின்றாள். நான் கையை முந்தானைக்குள் வைத்திருந்தேன். முந்தானை கையோடு ஒட்டிக்கொண்டது. இழுத்தேன், கிழிந்தது. எல்லோரும் பார்த்தார்கள்.

"அண்ணி" என்றாள் சிவகாமி மெதுவாக. "பலாப்பால்னு சொன்னீங்க. நம்ம மரம்தான் இந்த வருசம் காய்க்கவே இல்லையே."

மாரி வாயை மூடிக்கொண்டார். கழுதை என்று சொன்னதை நினைத்திருப்பார்.

"நீங்களா அக்கா?" சண்முகம் எச்சிலைத் துப்பினான். "எதுக்கு?"

கும்பகோணம், காரைக்குடி, வலசை எல்லாம் ஓடிப்போயிற்று. வாயில் வந்தது ஒன்றுதான்.

"கொண்டலாத்தி ஒட்டிக்கும்னு."

அவளுடைய ஊர்ச் சொல். என் வாயிலிருந்து. கொய்யா மரத்தில் குருவிகள் சத்தம் போட்டன.

ம. அந்த மரத்தைப் பார்த்தாள். பிறகு என்னை.

"கொண்டலாத்தியா அண்ணி? அது நம்ம கொய்யா மரத்துக்கே தினம் வருதே. ஒண்ணுக்கு ரெண்டா இருக்கு. அதுக்கா அம்புட்டுத் தூரம் போனீக?"

முகத்தில் சிரிப்பே இல்லை. சொன்னதைச் சொன்னபடி, என் குரலிலேயே.

"அது இல்ல" என்றேன். "நீ பாத்தது. நேத்து நானும் பாத்தேன்."

சண்முகம் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்ப நெசமாவே இருக்கா?"

"இருக்கு. இவ சொன்னது அத்தனையும் சரி. எனக்கு அன்னிக்குப் புரியல."

அவன் வேறு விளக்கம் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. லாரி வந்து ஹாரன் அடித்தது, சொன்ன நேரத்துக்கு முன்பே. சீன டிரைவர் தலையை நீட்டி "சிப்பாட் லா!" என்று அவசரப்படுத்தினார். சண்முகம் வாயிலிருந்த சாம்பலோடு கையை ஆட்டினான், போ போ என்று. லாரி போய்விட்டது.

"ரெண்டு பேருக்குமா!" என்றார் மாரி. "சரி சரி. எனக்கு ரெண்டு புறா கடன்." போனார்.

சிவகாமி ம.வின் இடுப்பிலிருந்து மூட்டையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனாள். "வாடி உள்ள. பொறப்படுற மூஞ்சியைப் பாரு."

பிறகு அடுப்படியில் உட்கார்ந்திருந்தோம். ம. கொட்டாங்கச்சியில் கொஞ்சம் செம்பனை எண்ணெய் எடுத்து வந்தாள். நாளைய சமையலுக்கு வைத்திருந்தது. என் கையைத் தன் மடியில் இழுத்து வைத்து, ஒவ்வொரு விரலாக எண்ணெய் போட்டு உருட்டி எடுத்தாள். கெத்தா சுருள் சுருளாக வந்தது. அவள் விரல் காய்த்துப் போயிருக்கிறது. நான் இதுவரை கவனித்ததில்லை.

"அவுக சொல்லியிருக்காக" என்றாள், கையைப் பார்த்துக்கொண்டே. "நம்ம ஊர்ல பாத்த குருவி எதுவாச்சும் இங்க கண்ணுல பட்டா, வேலையைப் போட்டுட்டு மொதல்ல அக்காகிட்ட ஓடணும்னு. அதான் அன்னைக்கு ஓடியாந்தேன்."

அடுத்த விரலை எடுத்தாள்.

"எறங்கையில கொண்டையை விரிச்சுச்சா அண்ணி?"

"இல்ல."

"எனக்கு விரிச்சுச்சு" என்றாள் மரகதம். "ரெண்டு தடவை."